கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி

— நான் நடைய அளந்தத நீங்க சொல்லாம வேற யாரு சொல்லியிருப்பா? இந்த ஊர்ல எனக்கு வேற யாரு—

— நான் சொல்லல புள்ள, எத்தன தடவ சொல்றது, நான் யாருகிட்டயும்—

— அப்போ சின்னமுத்து அண்ணனுக்குக் கனவு வந்துச்சாக்கும். வாசல்ல நின்னுக்கிட்டுக் கேக்காரு, ‘மார்க் வந்துருச்சா அம்மிணி’ன்னு. என்ன மார்க்குண்ணேன்னு கேட்டா, ‘நாங்கெல்லாம் நடந்தமே, அதுக்கு’ங்காரு.

— அவன் எதையாச்சும் ஒளறுவான். அவன் பேச்சப் போயி—

— மூணு தடவ நடந்தாராம். மூணு தடவையும் ஓட்டமா நடந்தாராம். அவருக்கு மட்டும் மார்க் கூடப் போடணுமாம். நான் அவர மூணு ஆளுன்னுல்லா எண்ணி வச்சிருக்கேன்.

— நீ ஆளப் பாக்கலியா ஜோதி?

— காலத்தான பாத்தேன். ரோட்டுல சாக்பீஸ்ல ரெண்டு கோடு. அந்தக் கோட்ட ஒரு கால் தாண்டுனதும் செல்லுல அமுக்கணும், இந்தக் கோட்டத் தாண்டுனதும் மறுபடி அமுக்கணும். மூஞ்சியப் பாத்தா பேச்சுக் குடுப்பாக. பேச்சுக் குடுத்தா நின்னுருவாக. நின்னவுகள கணக்குல சேக்க முடியாது. நீங்கதான சொன்னீங்க, தலைய நிமுத்தாத, நம்மூர்க்காரங்க ஒரு வார்த்த பேசாம தாண்டிப் போக மாட்டாங்கன்னு.

— அது நெசந்தான.

— அன்னைக்கி ஒருத்தரும் நிக்கல. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். குப்பண்ணன் மாமா வந்தாக. அவுகள மட்டும் கைக்கம்ப வச்சுத் தெரிஞ்சுது. பால் சொசைட்டில இருந்து பஸ் ஸ்டாப் போக அவுகளுக்கு ஒரு பொழுது வேணும்லா? அன்னைக்கி கம்பக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் பறந்தாக. பஸ் வருது போலன்னு நெனச்சேன்.

— அதுதானா சங்கதி. மறுநா மாமன் முட்டி வீங்கிப் படுத்துருந்தாரு. தைலம் வாங்கிட்டுப் போயிக் குடுத்தேன். என்னுங் மாமா ஆச்சுன்னதுக்கு, ‘நல்ல காரியத்துக்கு நடந்தேன் மாப்ள’ன்னாரு. நான் பழனிக்குத்தான் போயிட்டு வந்தாராட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.

— சிரிக்காதீங்க.

— நான் எங்க சிரிச்சேன்?

— மீசை சிரிக்குது. பதினோரு மணிக்கு லேப்டாப்புல பெங்களூர் வேலைக்கு இன்டர்வியூ. நான் என்ன சொல்லன்னு தெரியாம முழிக்கேன், உங்களுக்கு மீசை சிரிக்குது.

— சரி உடு. சித்த ஒக்காரு. இத்தன ஊர அளந்திருக்கற. காந்தலூரு, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூரு, பொள்ளாச்சி, பாலக்காடு, கோயமுத்தூரு. வெயில்ல கொடையப் புடிச்சுக்கிட்டு உன்ற பின்னாலயே நானும் வந்தேன். அத வெச்சு நீ போட்ட படத்துல நம்மூரு ஒரு புள்ளி. அது ஒண்ணு போனாப் போச்சாது.

— அந்த ஒண்ணுக்காகத்தான் பெங்களூர்ல என்னையக் கூப்புட்டுருக்காக.

— அப்ப மத்த ஊரெல்லாம்?

— மத்த ஊரெல்லாம் எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்கு. சின்ன ஊர்ல மெதுவா நடக்காக, ஊர் பெருசாகப் பெருசாக வேகமா நடக்காக. காந்தலூர் கீழ கெடக்கு, கோயமுத்தூர் மேல நிக்கு, நடுவுல உள்ளதெல்லாம் ஒரே கோட்டுல ஏறிப் போகுது. இத எத்தனையோ தேசத்துல அளந்து பாத்துட்டாக. நான் புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சேன்? நம்மூர் மட்டும் கோட்ட விட்டுட்டுப் போயி, கோயமுத்தூருக்கும் மேல ஒத்தையில நிக்கு. ஒரு பெரிய கடைகூட இல்லாத ஊரு.

— நீ அதுக்கு ஒரு காரணமும் எழுதியிருந்தியே. படிச்சுக் காட்டுன.

— அத ஞாபகப்படுத்தாதீங்க. எல்லையில இருக்குற ஊரு, ரெண்டு மாநிலத்து பஸ்ஸு, ரெண்டு பாஷ, ரெண்டு பக்கத்து வெலவாசி, அதனால சின்ன ஊருக்குள்ள ஒரு பட்டணத்து ஓட்டம் இருக்குன்னு ரெண்டு பக்கம் எழுதுனேன். எனக்கு ஆராய்ச்சி சொல்லிக் குடுக்குற பூபதிராஜா சார் எதையும் லேசுல நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாரு. அவரே படிச்சுட்டு, இதையே மொதப் படமா வை ஞானஜோதின்னாரு. பெங்களூர்க்காரங்க அதப் பாத்துட்டுத்தான் கூப்புட்டாக.

— நல்லாத்தான் எழுதியிருந்த. கேட்டு எனக்கே நம்மூரு மேல ஒரு மரியாத வந்துச்சு. ரெண்டு நா நானும் தோப்புக்குள்ள வேகமா நடந்தேன்.

— போங்க.

— இங்க பாரு. சொல்லாம இருந்தா என்ன? பெங்களூர்ல இருந்து எவனும் வந்து குப்பண்ண மாமனோட முட்டியப் பாக்கப் போறதில்ல.

— எனக்குத் தெரியும்லா. இனி அந்தப் புள்ளியப் பாத்தா எனக்கு மாமாவோட முட்டிதான் தெரியும். அத வச்சுக்கிட்டு அவுக முன்னாடி எப்படிப் பேசுவேன்?

— அதும் சரிதான். உனக்குப் பொய் சொல்ல வராது. பண்டிகைக்கு எடுத்த துணி வெலயவே எங்கம்மாகிட்டக் கொறச்சுச் சொல்லத் தெரியாது.

— நீங்க ஒண்ணு சொல்லுங்க. நான் அந்த வேலைக்குப் போகணும்ங்குதீங்களா, வேண்டாம்ங்குதீங்களா?

— போகோணும்னுதான் சொல்றேன்.

— சொல்லுதீங்க. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதீங்க.

— பின்ன என்ன பண்றது? நீ அங்க, நான் இங்க. வாரத்துக்கு ஒருக்கா ரயில்ல வந்து மொகத்தப் பாத்துக்கறதா? தோப்பக் குத்தகைக்கு உட்டுப்போட்டு நானும் வந்துருவேன், அங்க ஏதாச்சும் பொழச்சுக்குவேன். ஆனா அம்மாவத் தனியா உட்டுட்டு எப்படி? அப்பா போனதுக்கப்பறம் இந்த ஊடும் அந்த சொசைட்டியுந்தான் அவங்களுக்கு எல்லாம். இந்த மண்ண உட்டுப்போட்டு அவங்க ஒரு நா—

— யாரு, எந்த மண்ண உட்டுப்போட்டு? பேச்சு சொசைட்டி வரைக்குங் கேக்குது. பால் ஊத்த வந்தவங்க கேனக் கீழ வெச்சுட்டுக் காதத் தீட்டிக்கிட்டு நிக்கறாங்க.

— வந்துட்டீங்களா அத்தை.

— வந்துட்டேன். நம்மூட்டுச் சண்டையக் கேட்டுக்கிட்டே பாலளந்தா கொழுப்பு ரீடிங்கு தப்பாப் போயிருமல்லோ. என்ன அம்மிணி, கண்ணு செவந்து கெடக்குது? இவன் ஏதாச்சும் சொன்னானா?

— அம்மா, நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா, ஜோதி ரோட்டுல நடைய அளக்கறான்னு?

— யாருகிட்டயாச்சுமா?

— ஆமா.

— எல்லாருகிட்டயுந்தான் சொன்னேன்.

— அத்தை...

— காலப்பால் ஊத்தறவங்களுக்குக் காலைல சொன்னேன். சாயங்காலப் பாலுக்கு வர்றவங்களுக்குச் சாயங்காலம் சொன்னேன். பால் ஊத்தாதவங்களுக்கு டீக்கடைல சொல்லி உட்டேன். ஒருத்தர் பாக்கியில்ல. இத்தன வருசமா இந்த ஊருக்குப் பாலளக்கறேன், ஒரு சேதி சொல்லத் தெரியாதா எனக்கு?

— என்னன்னு சொன்னீங்க?

— ‘என்ற மருமவ ரோட்டோரம் நின்னு நீங்க நடக்கறத அளக்கறா. பெங்களூர் வரைக்கும் போற கணக்கு. அவளப் பாத்ததும் நின்னு, சாப்ட்டியா கண்ணு, அப்பன் சௌக்கியமான்னு பேசிப்போட்டு நிக்காதீங்க. ஆடி அசைஞ்சு வந்து என்ற மானத்த வாங்காதீங்க. வெரசலா நடங்க’ன்னேன். நடந்தாங்களா?

— நடந்தாங்கம்மா. கோயமுத்தூர முந்திட்டாங்க.

— பாத்தியா.

— என்னத்தப் பாத்தியா? அவ அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கறா.

— முந்துனதுக்கு எதுக்கு அழுகறா?

— அத்தை, இது பரிச்ச இல்ல. எப்பவும் எப்படி நடப்பாகளோ அப்படி நடந்தாத்தான் கணக்கு. நடக்கிறவுகளுக்குத் தெரியக்கூடாது. மத்த ஊர்லயெல்லாம் நான் யாரோ எவளோ. ஒருத்தரும் என்னையத் திரும்பிப் பாக்கல.

— அதென்ன அம்மிணி ஞாயம்? சாம்பிள் எடுக்க ஆபீசர் வர்ற நாளும் அதுவுமா நாம என்ன பண்ணுவோம்? மொத நாளே மாட்டுக்குப் பருத்திக்கொட்ட ஒரு கை சேத்து வெப்போம். இருக்கறதுல நல்லா இருக்கற மாட்டுப் பாலக் கொண்டாந்து முன்னால வெப்போம். இதும் அப்படித்தான. கையில கடியாரத்த வெச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கறா, அதும் நம்மூட்டுப் புள்ள. ஆரு ஆடி அசைஞ்சு போவா?

— அந்த ஆபீசருக்கும் இவளாட்டத்தான் கண்ணு செவந்திருக்கும்.

— நீ சும்மா இருடா மோகனா. ஆபீசரு நல்ல காப்பி குடிச்சுப்போட்டு, பாலு நல்லா இருக்குதுங்கம்மான்னு சொல்லீட்டுத்தான் போவாரு.

— அம்மா, நெசத்தச் சொல்லு. இவ பெங்களூர் போகக்கூடாதுன்னுதான இதெல்லாம் பண்ணுன?

— நானா?

— நீதான். இவ கணக்கு கெட்டுப்போனா இங்கயே இருப்பான்னு.

— ஏங்க, அத்தைய அப்படிக் கேக்காதீங்க.

— கேக்கட்டும் அம்மிணி. அவன் அப்பங்காரனும் இப்படித்தான், தனக்குத் தோணுனத அடுத்தவங்க தலைல கட்டுவாரு. ரெண்டு பேரும் காப்பி குடிச்சீங்களா இல்லியா? இல்ல. சரி. அந்த லேப்டாப் பொட்டியத் தொறந்து எனக்குக் காட்டு. எந்தப் புள்ளி நம்முளுது?

— இதான் அத்தை. மேல ஒத்தையில நிக்குதுல்லா.

— இதா. பாக்க நல்லாத்தான இருக்குது. இது எதுக்கு கோட்டுல நிக்கோணும்?

— எப்படிச் சொல்லுறது... அத்தை, நம்ம வெள்ளாடு எத்தன எடை இருக்கும்?

— எதுக்கு, விக்கறதுக்கா?

— சும்மா சொல்லுங்க. பத்து ஆட்டு எடைக்கு ஒரு மாடு இருக்குன்னு வைங்க. அந்த மாடு பத்து ஆட்டுத் தீனியத் திங்குமா?

— திங்காது. பத்து ஆட்டக் கட்டி மேய்ச்சா நான் சன்னியாசம் போகோணும்.

— ஆறு ஆட்டுத் தீனி இருந்தா அதுக்குப் போதும். உடம்பு பெருசாக ஆக, எடைக்கு எடை தீனி கம்மியாத்தான் வேணும். ஊரும் அப்படித்தான். ஒரு லட்சம் பேர் இருக்குற ஊர்ல பத்து பெட்ரோல் பங்க் இருந்தா, ரெண்டு லட்சம் பேர் இருக்குற ஊருக்கு இருபது வேண்டாம், பதினெட்டு போதும். ரோடு, தண்ணிக்குழாய், கரண்டுக் கம்பி, எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. நம்ம உடம்புல ரத்தக்குழாய் பிரிஞ்சு பிரிஞ்சு போகுதுல்லா, அதே மாதிரிதான் ஊருக்கு ரோடும் குழாயும்.

— அப்ப பெரிய ஊரு சிக்கனம்ங்கற.

— ஒரு பக்கம் சிக்கனம். இன்னொரு பக்கம் பாருங்க. ஊர் ரெண்டு மடங்கானா கூலி, வருமானம், புதுசு புதுசா வார கடை, கம்பெனி, இதெல்லாம் ரெண்டு மடங்கோட நிக்காது. அதுக்கும் மேல ஏறும். தலைக்குத் தலை எல்லாருக்கும் கொஞ்சம் கூடக் கெடைக்கும்.

— திருட்டு? அதையும் சொல்லு, அம்மா கேக்கட்டும்.

— திருட்டும் ஏறும். காச்சலும் ஏறும். அதே கணக்குதான். நல்லது மட்டும் தனியா ஏறாது.

— கேட்டியாம்மா?

— காதுல உழுந்துச்சு. அது ஏன் அப்படி ஏறுது?

— ஆளும் ஆளும் பாத்துக்கிடுததுதான். ரெண்டு பேர் இருந்தா ஒரு ஜோடி. நாலு பேர் இருந்தா ஆறு ஜோடி. ஆள் கூடக் கூட, யாரு யாரப் பாத்துப் பேசுவாகங்குறது அதவிட வேகமாக் கூடும். ஒருத்தரு ஒரு ரோசன சொல்வாரு, இன்னொருத்தர் ஒரு கடை போடுவாரு, மூணாவது ஆளு தும்முவாரு.

— அதுதான் காலைல சொசைட்டில எனக்குத் தல வலிக்கறதுக்குக் காரணமா?

— அதேதான் அத்தை. யானை இருக்குல்லா, அதுக்கு நெஞ்சு மெதுவா அடிக்கும். எலிக்குப் படபடன்னு அடிக்கும். உடம்புன்னா பெருசாக ஆக நிதானம். ஊர் மட்டும் தலைகீழ். பெருசாக ஆக அதுல இருக்குறவுகளுக்குப் படபடப்பு கூடும். ஒரு நாளைக்குப் பாக்க வேண்டிய ஆளு ஜாஸ்தி, செய்ய வேண்டிய சோலி ஜாஸ்தி. அதான் காலும் வேகமாப் போகுது.

— அப்ப நீ பொறந்த தேயிலை எஸ்டேட்டு? உங்க லயத்துல மொத்தமே நாப்பது ஊடு. உங்கம்மா நடக்கற நடைக்கு என்னால ஸ்கூட்டர்லயே கூடப் போக முடியல.

— அது சங்கு. காலைல சங்கு ஊதுன பொறவு கொழுந்துக்காட்டுக்குப் போனா அன்னைக்கிப் பேரு விழாது. கூலி போச்சு. எங்கப்பா சுவக்கீன் இன்னைக்கும் சங்குச் சத்தம் கேட்டா சோத்துத் தட்ட வச்சுட்டு எந்திருச்சுருவாக, வேலைய விட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. அதனாலதான் எஸ்டேட்ட நான் அளக்கவே இல்ல. சங்குக்குப் பயந்து நடக்கிறது ஊர் நடை இல்லல்லா.

— அப்ப நம்மூர்க்காரங்க நடந்தது?

— அது உனக்குப் பயந்தும்மா. நாளைக்கு அவங்க பாலுக்கு நீதான ரீடிங்கு போடோணும்.

— ஆமாமா, என்னையக் கண்டா ஊரு நடுங்குது. என்ற பெத்த பையன் நடுங்கறானான்னு பாரு.

— அத்தை சிரிச்சுட்டாக. எனக்கும் சிரிப்பு வருது, என்ன பண்ண.

— ஏன் அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். கோயமுத்தூர்ல அத்தன பேரு வேகமாப் போறாங்கங்கறியே. ஆராச்சும் நின்னு பேசுனாங்களா, எதுக்கு இங்க நிக்கற, எங்க போறன்னு?

— இல்ல அத்தை. நாள் முழுக்க நின்னேன். ஒருத்தர் கேக்கல.

— ஒருத்தர் கூடவா?

— ஒருத்தர் கூட.

— பெங்களூர்லயும் அப்படித்தானா?

— அது இன்னும் பெரிய ஊருல்லா. அங்க பக்கத்து வீட்டுல யாருன்னே தெரியாம இருப்பாக.

— பக்கத்து ஊட்டுக்காரங்களையேவா?

— பயப்படாதம்மா, நீ எங்க அங்க போகப் போற?

— நீ போயி அடுப்புல பால வெய்யி, போ.

— மணி என்னாச்சு பாருங்க. நான் சாருக்கு போன் பண்ணிருதேன். பண்ணாம அங்க போயி உக்கார முடியாது.

— நல்லா ரோசிச்சுக்க ஜோதி. சொன்னீன்னா பேச்சே முடிஞ்சுரும். நாலு வருசம் வெயில்ல காஞ்சிருக்கற.

— நீங்கதான் நான் போறதுல இஷ்டமில்லாம இருந்தீக. இப்ப நீங்களே தடுக்குதீங்க.

— எனக்கு இஷ்டமில்லங்கறது வேற. நீ தோத்து வந்து நிக்கறது வேற. அத என்னால பாக்க முடியாது.

— அவ பண்ணட்டும் மோகனா. உடு.

— ஹலோ சார், ஞானஜோதி பேசுதேன். ஆமா சார், ரெடிதான். இல்ல சார், மொதப் படம் தப்பு. கணக்குல தப்பில்ல சார், நடந்ததுலதான். ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆமா, எல்லாருக்கும். எங்க அத்தை சொல்லிட்டாக. மாமியார் சார். பால் சொசைட்டில வச்சு, பால் ஊத்த வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும். வேகமா நடங்கன்னு. ஒருத்தர் மூணு தடவ நடந்திருக்காரு சார். இன்னைக்கிக் காலைலதான் எனக்கே தெரியும். சார்? சார், கேக்குதா?

— வெச்சுட்டாரா?

— சும்மா இருங்க. ஆங், கேக்கு சார். சரி சார். சரி. சொல்லிருதேன் சார். வைக்கேன்.

— என்னங்கறாரு?

— சிரிச்சாரு. அவர் சிரிச்சு நான் கேட்டதே இல்ல.

— சிரிச்சாருன்னா?

— அந்தப் படத்த எடுத்துரு, அந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துரு, ஏன் எடுத்தேங்குறத நீயே உன் வாயால அவுககிட்ட மொதல்ல சொல்லிருன்னாரு. தப்பு என் பேர்லதான்னாரு. சொந்த ஊர்ல நின்னு அளக்கேன்னு நீ சொன்னப்பவே நான் தடுத்திருக்கணும்னாரு. வேலையப் பத்திக் கேட்டேன். அது எனக்குத் தெரியாதும்மா, அவுக மனச நான் சொல்ல முடியாதுன்னுட்டாரு.

— அப்ப கெடைக்கவும் கெடைக்கலாம்.

— கெடைக்காமலும் போலாம். மிச்சம் இருக்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச கோடுதான. நான் கொஞ்சம் நல்லா அளந்திருக்கேன், அவ்வளவுதான்.

— நல்லா அளந்திருக்கறதும் ஒரு வேலதான புள்ள. ரெண்டு மாநிலத்துலயும் அத்தன ஊரு ஆரு நின்னு அளந்தா? கொடை புடிச்சவனுக்குத் தெரியும்.

— என்னங்க இப்படிப் பேசுதீங்க. மறுபடி அழுக வருது.

— அழுகாத. மூஞ்சி வீங்கிப்போகும், கேமராவுல நல்லா இருக்காது. நான் ஒரு நெசத்தச் சொல்லட்டுமா? நீ போன் பேசறப்ப எனக்குச் சித்த நிம்மதியா இருந்துச்சு. கெடைக்காட்டி இங்கயே இருப்பியேன்னு. அப்படி நெனச்சதுக்கு இப்ப என்மேலயே கோவமா வருது.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— போன் பேசுதப்ப உங்க மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். காலத்தவிர எதையும் பாக்க மாட்டான்னு நெனச்சீங்களோ? அத்தை, நீங்க ஏன் அந்தப் புள்ளியவே பாத்துக்கிட்டிருக்கீங்க? நான் கோவமாப் பேசிட்டேனா?

— அதில்ல அம்மிணி. ஒண்ணு கேக்கறேன். எப்பவும் போல ஆடி அசைஞ்சு நடந்திருந்தா, நம்மூரு அந்தக் கோட்டுல நேரா உழுந்திருக்குமா?

— விழுந்திருக்கும் அத்தை. காந்தலூருக்குப் பக்கத்துல.

— அத மொதல்லயே என்றகிட்டச் சொல்லக்கூடாதா? மெதுவா நடக்கோணும்னு தெரிஞ்சிருந்தா ஊரையே ஒக்கார வெச்சிருப்பனே.

— அய்யோ அத்தை, அதுவும் கூடாது.

— அம்மா, அப்ப நீ இவளத் தடுக்கறதுக்காகப் பண்ணலியா?

— தடுக்கறதா? இவளுக்கு அந்த வேல கெடைக்கோணும்னுதான்டா வாசல்ல போறவங்க வர்றவங்க கால்ல உழுகாத கொறையாச் சொன்னேன். குப்பண்ணன்கிட்டக் கைக்கம்ப உட்டுப்போட்டு நடங்கண்ணான்னு நாந்தான் கெஞ்சுனேன். சும்மா சொல்லப்படாது, நடந்தாரு மனுசன்.

— நீங்க என்னைய அனுப்பி வைக்கத்தான் பாத்தீங்களா அத்தை?

— தாட்டி உடத்தான். மாதாவுக்கு மெழுகுவத்தி பத்த வெச்சியா?

— விடியக்காலைலயே வச்சேன்.

— நானும் கருப்பராயனுக்கு ஒரு தேங்கா வேண்டியிருக்கறேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும்.

— இவ போயிட்டா இந்த ஊட்ல உனக்கு ஆரும்மா இருக்கறா? நான் தோப்புக்குப் போனா சாயங்காலந்தான் வர்றேன். இவகிட்டதான நீ நாளெல்லாம் பேசிக்கிட்டிருக்கற. அதையெல்லாம் ரோசிக்காம இவளக் கெளம்புன்னா எப்படி? உன்னையத் தனியா உட்டுப்போட்டு நானும் வர முடியாது, அவளையத் தனியா அனுப்பிப்போட்டு நானும் இருக்க முடியாது. நடுவுல நான் என்னதான் பண்றது, சொல்லு.

— அவுக கேக்குறது நெசந்தான் அத்தை. கெடைச்சாலும் எனக்கு அதுதான் தலைவலி. சரி, மணியாச்சு, நான் போயி அந்தப் படத்த எடுத்துட்டு உக்காருதேன். மொத வார்த்தை என்ன சொல்லணும்னுகூடத் தெரியல.

— நடந்தத நடந்தபடி சொல்லு அம்மிணி, என்ற பேரையும் சேத்துச் சொல்லு, தப்பில்ல. சொல்லி முடிச்சு, வேல உனக்குத்தான், குவார்ட்டர்ஸ் தர்றோம்னு சொன்னாங்கன்னா, மூணு பேருக்கு வேணும்னு கேட்டு வெய்யி. சொசைட்டில பாலளக்கறதுக்கு நான் போன வாரமே சாந்தம்மாளப் பழக்கி உட்டுட்டேன்.